மாணாக்கரால் அறியப்படும் ஆசான்

பெரம்பலூரை அடுத்த நமது குரும்பலூரில், மக்காச்சோள அறுவடை முடிந்ததும் கொல்லைகளெல்லாம் பிள்ளைகளின் விளையாட்டுத் திடலாக மாறிவிடுவது வழக்கம். அஸர் தொழுகைக்குப் பின் நாம் அவ்வழியே நடந்து வருகையில், நம்மிடம் ஓதும் பிள்ளைகள் சிலர் டென்னிஸ் பந்தை வைத்துக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். நம்மைக் கண்டதும் மட்டையை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டு ஸலாம் உரைத்தனர். அவர்களுள் நெடுந்தொலைவு ஓடிவந்து பந்து வீசும் சிறுவன் ஒருவன் மட்டும் துணிந்து முன்வந்து, "ஹஜ்ரத், சிராஜுக்குப் பந்து வீசச் சொல்லிக் கொடுத்த உஸ்தாது யாரு?" எனக் கேட்டான்.

ஸர்ஃபிலோ நஹ்விலோ ஐயம் கேட்டிருந்தால் நின்ற இடத்திலேயே விடை சொல்லியிருப்போம். இக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. "விசாரித்துச் சொல்கிறோம் தம்பி" என்று கூறி வீடு திரும்பினோம். விசாரிக்கப் புகுந்த பின்னரே, ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கும் அக்கேள்வியில் ஒரு பாடம் இருப்பது புலனாயிற்று. அப்பாடத்தையே இங்கு வாசக அன்பர்களின்முன் வைக்கின்றோம்.

ஒரு சிறிய கணக்கு

சிராஜின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் பெரிதும் சுட்டும் பயிற்சியாளர் பரத் அருண் ஆவார். 1962 டிசம்பர் 14 அன்று விஜயவாடாவில் பிறந்த இவர், தமிழ்நாட்டு அணிக்காக ஆடிய வேகப்பந்து வீச்சாளர். 1986 டிசம்பரில் கான்பூரில் இலங்கைக்கு எதிராக இந்திய அணியில் முதன்முதலாக இடம்பெற்றார். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் முஹம்மது அஸாருத்தீன் 199 ஓட்டங்களில் ஆட்டமிழந்ததை நினைவுகூர்வார்களேயன்றி, புதிதாய் வந்த பந்து வீச்சாளர் 3 விக்கெட்டுகள் வீழ்த்தியதை நினைவுகூர்வார் அரியர். அத்தொடரில் ஆடிய 2 டெஸ்டுகளே அவருக்குக் கிட்டியவை. அவற்றில் அவர் பெற்ற விக்கெட்டுகள் 4. ஒருநாள் ஆட்டங்களும் நான்கே. அவற்றில் கிட்டியது ஒரே விக்கெட். இருபத்தைந்து வயது நிறைவதற்குள் இந்திய அணியில் அவரது இடம் முடிந்துபோயிற்று.

1987-88ஆம் ஆண்டுப் பருவத்தில் எஸ். வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அவ்வணியில் அவரும் இருந்தார். தமிழ்நாடு அதற்குமுன் அக்கோப்பையை வென்றது 1954-55இல். முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய அவ்வெற்றியில் பங்கு கொண்டதே, ஆட்டக்காரர் என்ற முறையில் அவர் பெற்ற பெரும்பேறு எனலாம்.

ஏட்டில் எழுதினால் நான்கு வரிகளில் அடங்கிவிடும் இக்கணக்கை வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கில் விக்கெட் வீழ்த்தப்போகிறவர்களுக்கு ஒருவர் ஆசானாக நிற்பது எங்ஙனம் என்ற வினா எழுவது இயல்பே. அதற்கு விடை காண, இந்திய நாட்டில் வேகப்பந்து வீச்சு என்னும் கலை கடந்து வந்த பாதையைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

அறுந்து தொடர்ந்த மரபு

22 கஜ நீளமுள்ள ஆடுகளத்தில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து, மட்டையாளரைச் சென்றடைய அரை நொடிகூட ஆவதில்லை. வீசுபவரின் முன்கால் தரையில் ஊன்றும் கணத்தில் அவரது உடல் எடையைப் போலப் பன்மடங்கு அழுத்தம் அக்காலின்மேல் இறங்குகின்றது. முதுகெலும்பும் முழங்காலும் கணுக்காலும் நாள்தோறும் தேயும் தொழில் இது. நல்ல உணவும், முறையான பயிற்சியும், காயமுற்றால் ஓய்வெடுக்க வசதியும் இல்லாத நாட்டில் இக்கலை வேரூன்றுவது அரிது.

எனினும் தொடக்கம் சிறப்பாகவே அமைந்தது. 1932 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் திடலில் இந்தியா தன் முதல் டெஸ்டை ஆடத் தொடங்கியபோது, ஹோஷியார்பூரில் பிறந்த முஹம்மது நிஸார், இங்கிலாந்தின் தொடக்க வீரர்கள் சட்கிளிஃப், ஹோம்ஸ் இருவரையும் அடுத்தடுத்து வீழ்த்தினார். 19 ஓட்டங்களுக்குள் இங்கிலாந்து மூவரை இழந்து திகைத்து நின்றது. அவ்வாட்டத்தில் இந்தியா தோற்றது. ஆயினும் முதல் இன்னிங்ஸில் நிஸார் 93 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகள் பெற்றார். அவருக்குத் துணை நின்ற அமர்சிங் 1940இல் இளமையிலேயே மறைந்தார். நிஸார், நாடு பிரிந்தபின் பாக்கிஸ்தானியராகி, 1963இல் லாகூரில் காலமானார். அவர்கள் கற்றிருந்ததை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிக் கொடுக்க ஒரு பள்ளி இங்கு எழவில்லை.

பின் வந்த காலம் சுழற்பந்தின் காலம். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம் வெங்கட்ராகவன் ஆகிய நால்வரும் உலகப் புகழ் பெற்றனர். புதுப்பந்தின் பளபளப்பைத் தேய்த்துச் சுழற்பந்து வீச்சாளரிடம் ஒப்படைப்பதே வேகமாக வீசுவோரின் வேலையாயிற்று. மட்டையாளரான சுனில் கவாஸ்கரே சில ஆட்டங்களில் முதல் ஓவரை வீசியதுண்டு என்றால் அந்நாளைய வறுமையை உணர்ந்துகொள்ளலாம். 1978இல் ஃபைசலாபாத்தில் அறிமுகமான கபில்தேவ் 131 டெஸ்டுகளில் 434 விக்கெட்டுகள் பெற்று அந்நிலையை மாற்றினார். ஆயினும் அவர் தனிமரமாய் நின்றவர். தோப்பு இன்னும் உருவாகவில்லை.

தோப்புக்கு முதல் நாற்று சென்னையில் நடப்பட்டது. 1987இல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் வேகப்பந்து வீச்சுக்கென்றே ஒரு பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி, ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியை அதன் இயக்குநராக அமர்த்தியது. அவருடன் இருந்து நாள்தோறும் பிள்ளைகளைப் பயிற்றுவித்தவர் தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் டி.ஏ. சேகர். 1983 ஜனவரியில் பாக்கிஸ்தானில் 2 டெஸ்டுகள் ஆடிய சேகருக்கு ஒரு விக்கெட்டும் கிட்டவில்லை. ஆனால் ஜவகல் ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், 311 டெஸ்ட் விக்கெட்டுகள் பெற்ற ஜாகீர் கான், குஜராத்தின் இக்கர் என்னும் சிற்றூரிலிருந்து வந்த முனாஃப் படேல் ஆகியோர் அக்கூடத்தின் வழியே வந்தவர்கள். 2011 உலகக் கோப்பையில் ஜாகீர் 21 விக்கெட்டுகளும் முனாஃப் 11 விக்கெட்டுகளும் பெற்றனர். தம் பெயருக்கு நேரே சுழி இருந்த ஒருவரின் பயிற்சிக்கூடம் பிறர் ஏட்டை நிரப்பியது. பரத் அருண் இதே மரபில் வந்தவர் என்பதை இங்கு மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஆசானாகிய வீரர்

ஆட்டத்தைவிட்டு ஒதுங்கிய பரத் அருண் தமிழ்நாட்டு அணிக்கும், பின்னர் பெங்களூரிலுள்ள தேசியக் கிரிக்கெட் அகாதமியிலும் பயிற்சியளித்தார். 2012 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில், 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது அவ்விளைஞர் அணியின் பயிற்சியாளர் அவரே. 2014இல் இங்கிலாந்தில் இந்தியா தோற்றபின், அணியின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ரவி சாஸ்திரியுடன் பந்துவீச்சுப் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டார். 2016இல் அப்பொறுப்பு முடிந்தது.

பெரிய பதவியிலிருந்து இறங்கியவர் வீட்டில் ஓய்ந்திருக்கவில்லை. 2016-17 ரஞ்சிப் பருவத்தில் ஐதராபாத் அணிக்குப் பயிற்சியாளரானார். அங்கேதான் முஹம்மது சிராஜ் இருந்தார். ஆட்டோ ஓட்டுநரின் மகன். தெருக்களில் டென்னிஸ் பந்து வீசி வளர்ந்தவர். தையலிட்ட தோல்பந்தைக் கையிலெடுத்ததே 2015இல்தான். முந்தைய பருவத்தில் ஒரேயொரு ரஞ்சி ஆட்டம் ஆடியிருந்தவர், அப்பருவத்தில் 9 ஆட்டங்களில் 41 விக்கெட்டுகள் வீழ்த்தினார். வேகத்தைச் சிராஜ் தெருவிலிருந்தே கொண்டுவந்திருந்தார். அவ்வேகத்துக்கு ஒரு நெறியும், தொடர்ந்து ஆட ஓர் இடமும், "உன்னால் இயலும்" எனச் சொல்ல ஒரு குரலும் தேவைப்பட்டன. சிராஜும் தம் வளர்ச்சியில் பரத் அருணுக்குள்ள பங்கைப் பலமுறை வெளிப்படையாகக் கூறியுள்ளார்.

2017 ஜூலையில் பரத் அருண் மீண்டும் இந்திய அணிக்கு அழைக்கப்பட்டார். 2021 நவம்பர் வரை நீடித்தார். அந்நான்காண்டுகளே அவரது ஆசிரிய வாழ்வின் விளைச்சற்காலம். 2018ஆம் ஆண்டில் மட்டும் ஜஸ்பிரீத் பும்ரா 48, முஹம்மது ஷமி 47, இஷாந்த் சர்மா 41 எனச் சேர்ந்து 136 டெஸ்ட் விக்கெட்டுகள் வீழ்த்தினர். ஓராண்டில் ஓர் அணியின் மூன்று வேகப்பந்து வீச்சாளர் பெற்றவற்றுள், 1984இல் மேற்கிந்தியத் தீவுகளின் மார்ஷல், ஹோல்டிங், கார்னர் மூவரும் பெற்ற 130தான் அதுவரை உச்சமாக இருந்தது. கவாஸ்கர் புதுப்பந்து வீசிய நாடு அவ்வுச்சத்தைக் கடந்தது.

திருத்தாமையும் செவிமடுத்தலும்

இவற்றை அவர் எவ்வாறு செய்தார் என்று ஆராயுமிடத்து, நம் நெஞ்சைத் தைத்த செய்திகள் இரண்டு.

முதலாவது, பும்ராவைப் பற்றியது. அவர் ஓடிவருவது மிகக் குறுகிய தூரம். கை வளையாது நீட்டி, விந்தையான கோணத்தில் பந்தை விடுவிப்பார். பயிற்சி நூல்களில் காணப்படும் எந்தப் படத்தோடும் அது ஒத்துவராது. 'இவ்வாறு வீசுபவர் நெடுநாள் தாங்கமாட்டார்' என்று சொன்னவர் பலர். ஆயினும் பரத் அருண் பொறுப்பிலிருந்த காலத்தில் அம்முறை மாற்றப்படவில்லை. முறையை மாற்றுவதை விடுத்து, அம்முறையைத் தாங்கும் வலிமையை உடலுக்கு ஏற்றுவதே வழியெனக் கொள்ளப்பட்டது. 2018 ஜனவரியில் கேப்டவுனில் தொடங்கிய பும்ராவின் டெஸ்ட் வாழ்வு, 2024 டிசம்பரில் மெல்போர்னில் 200 விக்கெட்டுகளைக் கடந்தது.

இரண்டாவது, ஷமியைப் பற்றியது. 2018இல் குடும்பத் துன்பங்களாலும் உடல் தளர்ச்சியாலும் அலைக்கழிந்த அவர், உடற்றகுதிச் சோதனையில் தேறாமல் அணியிலிருந்து விலக்கப்பட்டார். அவர் தம் அறைக்கு வந்து, தாம் கடுஞ்சினத்தில் இருப்பதாகவும் கிரிக்கெட்டையே விட்டுவிடப் போவதாகவும் கூறியதைப் பரத் அருண் பின்னாளில் பேட்டியொன்றில் விவரித்துள்ளார். அவர் ஷமியைக் கடிந்துகொள்ளவில்லை. 'போ' என்றும் சொல்லவில்லை. ரவி சாஸ்திரியிடம் அழைத்துச் சென்றார். 'சினம் இருப்பது நல்லதே; அதை உன் உடலின்மேல் காட்டு' என்னும் கருத்துப்பட அவருக்கு அறிவுரை கூறி, சில வாரங்கள் அகாதமியில் தங்கி உடலைத் தேற்றுமாறு அனுப்பினர். சென்றவர் புதிய மனிதராய்த் திரும்பினார். அதே ஷமிதான் 2023 உலகக் கோப்பையில் 24 விக்கெட்டுகள் பெற்றார். அரையிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக 57 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அன்று அந்த அறையின் கதவு மூடப்பட்டிருந்தால் இவையெல்லாம் இல்லை.

இவ்விடத்தில் நம் குறையொன்றை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டியவராய் இருக்கின்றோம். ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவன் ஒருவனுக்கு, அமர்ந்து ஓதினால் பாடம் ஏறாது. முற்றத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே ஓதினால் ஒரு பிழையுமின்றி மனனமாகிவிடும். வரிசையில் அமர்வதே ஒழுங்கு என்று நாம் பிடிவாதமாய் நின்றோம். பலநாள் கண்டித்தோம். ஒருநாள் அவன் சினந்து, "இனி ஓத வரமாட்டேன்" என்றான். "உன் விருப்பம்" என்று நாமும் சொல்லிவிட்டோம். அவன் வரவேயில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் தற்செயலாய்ச் சந்தித்தபோது, ஓடிவந்து ஸலாம் சொல்லி நலம் விசாரித்தான். பிரியும்போது, "நடந்துக்கிட்டே ஓதின யாஸீன் மட்டும் இன்னும் மறக்கல ஹஜ்ரத்" என்றான். அவன் குறைகூறும் நோக்கில் சொல்லவில்லை. ஆயினும் பும்ராவின் கையைத் திருத்தாது விட்டவரையும், ஷமியின் சினத்தைக் கேட்டு அமர்ந்தவரையும் படித்த அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

பிரிஸ்பேன் சான்று

ஆசானின் பாடம் உறுதிதானா என்பது சோதனையில்தான் தெரியவரும். அச்சோதனை 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் வந்தது. அப்பயணத்துக்கென வகுக்கப்பட்ட திட்டத்தைப் பரத் அருண் பின்னர் விளக்கியுள்ளார். ஆஸ்திரேலியர்கள் பந்தை வெட்டியும் அடித்தும் ஓட்டம் குவிப்பது பெரிதும் வலப்புறத்தில். ஆகவே விக்கெட்டுக்கு நேராகவே வீசி, இடப்புறம் ஆட்களை நிறுத்தி, அவ்வழியை அடைப்பது என்பதே அத்திட்டம். அடிலெய்டில் முதல் டெஸ்டில் இந்தியா 36 ஓட்டங்களில் சுருண்டு தோற்றபோதும் பந்துவீச்சுத் திட்டம் கைவிடப்படவில்லை.

அப்பயணத்தில் சிராஜ் பட்ட துயரம் பெரிது. 2020 நவம்பர் 20 அன்று அவர் தந்தை ஐதராபாத்தில் காலமானார். நாடு திரும்ப வாரியம் அனுமதித்தது. தந்தையின் கனவை நிறைவேற்றும்படி தாயார் கூற, அவர் அங்கேயே தங்கினார். ஜனாஸாவில் கலந்துகொள்ளும் பேறும் அவருக்குக் கிட்டவில்லை. டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் முதல் டெஸ்ட் ஆடி 5 விக்கெட்டுகள் பெற்றார். சிட்னியில் பார்வையாளர் சிலர் அவரை இழிசொற்களால் ஏசினர். அவர் வாய்ச்சண்டைக்குச் செல்லாது நடுவரிடம் முறையிட்டார்; ஆட்டம் சில நிமிடங்கள் நிறுத்தப்பட்டு, ஆறுபேர் வெளியேற்றப்பட்டனர். ஆட்டத்தைவிட்டு வெளியேறலாம் என்ற வாய்ப்பையும் ஏற்காது அணி தொடர்ந்து ஆடியது.

பிரிஸ்பேனில் இறுதி டெஸ்ட். பும்ரா, ஷமி, உமேஷ் யாதவ், அஸ்வின், ஜடேஜா அனைவரும் காயத்தால் விலகியிருந்தனர். எஞ்சிய பந்து வீச்சாளர் ஐவரும் அதற்குமுன் ஆடியிருந்த டெஸ்டுகளை எல்லாம் கூட்டினாலும் 4தான். அவர்களுள் இருவர் அன்றுதான் டெஸ்டுக்கு அறிமுகமாயினர், இருவரும் தமிழ்நாட்டார். ஒருவர் சென்னை வாஷிங்டன் சுந்தர். மற்றவர் சேலத்தை அடுத்த சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜன். தாயார் சாலையோரம் கோழிக்கறிக் கடை நடத்திக் குடும்பத்தைக் காத்தவர். ஊரில் தம்மைக் கைதூக்கிவிட்ட ஜெயப்பிரகாஷின் பெயரின் முதலெழுத்துகளைச் சட்டையில் தம் பெயரோடு சேர்த்து எழுதிக்கொண்டவர் நடராஜன். வலைப்பயிற்சியில் பந்து வீசவே அழைத்துச் செல்லப்பட்ட அவர் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுகள் பெற்றார். இரண்டாம் இன்னிங்ஸில் சிராஜ் 73 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் வீழ்த்தினார். 20 விக்கெட்டுகளையும் இப்புதியவர்களே வீழ்த்த, 2021 ஜனவரி 19 அன்று இந்தியா 3 விக்கெட்டுகள் மீதமிருக்க வென்றது. 1988க்குப் பின் அத்திடலில் ஆஸ்திரேலியா தோற்றது அதுவே முதன்முறை. ஐதராபாத் வந்திறங்கிய சிராஜ் வீட்டுக்குச் செல்லுமுன் தந்தையின் கப்ருக்குச் சென்று துஆச் செய்தார்.

பின்னர் 2023 செப்டம்பரில் கொழும்பில் ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளும், 2025இல் இங்கிலாந்துத் தொடரில் 23 விக்கெட்டுகளும் சிராஜ் பெற்றார். அப்போது பரத் அருண் இந்திய அணியின் பொறுப்பில் இல்லை. ஆசான் அருகில் இல்லாதபோதும் பாடம் நிலைப்பதே கல்வியின் வெற்றி. அவரோ கொல்கத்தா அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளராக 2024 ஐ.பி.எல். வெற்றியில் பங்குகொண்டு, 2025 ஜூலையில் லக்னோ அணிக்கு அறிவிக்கப்பட்டார்.

நம் பிள்ளைக்குச் சொன்ன விடை

மதரஸாவில் பயின்றோர்க்கு இதுவெல்லாம் புதிதன்று. கூஃபாவின் ஹம்மாத் இப்னு அபீ ஸுலைமான் அவர்களிடம் இமாம் அபூஹனீஃபா அவர்கள் 18 ஆண்டுகள் பயின்றார்கள். இன்று மாணவரின் பெயரால் ஒரு மத்ஹபே வழங்குகின்றது; ஆசானின் பெயரை அறிந்தோர் சிலரே. ஆயினும் இஸ்னாதை எழுதுவோர் ஹம்மாத் அவர்களை விட்டுவிட்டு எழுத முடியாது. சங்கிலியில் ஒரு கண்ணியாய் அமைவதே ஆசானுக்குரிய ஊதியம்.

பந்து வீசும் பிள்ளைகள் அனைவரும் சிராஜாகிவிடுவர் என்று நாம் சொல்ல வரவில்லை. பல்லாயிரவருள் ஒருவருக்கே அவ்வாயில் திறக்கின்றது. மற்றவர்க்குக் கல்வியே வாயில். ஆதலின் பாடத்தைக் கைவிட்டு விளையாட்டைப் பற்றுமாறு எந்தப் பெற்றோரும் பிள்ளையை விட்டுவிடலாகாது. நாம் சொல்ல விழைவது வேறு. ஒரு பிள்ளையிடம் இறைவன் வைத்திருக்கும் ஆற்றல், நாம் வரைந்து வைத்திருக்கும் கோட்டுக்குள் அடங்காது போகலாம். அவன் சினந்து பேசும் வேளையே அவன் நம்மை மிகவும் நாடும் வேளையாகவும் இருக்கலாம். திருத்துமுன் பார்க்கவும், தண்டிக்குமுன் கேட்கவும் தெரிந்தவரே ஆசான். தாய் தந்தையரும் ஆசான்களே.

சில நாட்களுக்குப் பின் அச்சிறுவனின் தகப்பனார் நம்மிடம் வந்து, "பையன் பந்தும் கையுமாவே திரியிறான், நீங்க ஒரு வார்த்தை கண்டிச்சு வைங்க ஹஜ்ரத்" என்றார். பாடத்தை முடித்துவிட்டு அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஆடட்டும் என்று சொல்லி அனுப்பினோம். மறுநாள் சிறுவனை அழைத்து, அவன் கேட்ட கேள்விக்கு விடையாகப் பரத் அருணின் பெயரைச் சொன்னோம். "அவரு எத்தனை விக்கெட் எடுத்திருக்காரு?" என்றான். "நான்கு" என்றோம். அவன் முகம் வாடிற்று. அவனை அருகில் அமர்த்தி, மேலே எழுதிய கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினோம். சற்று நேரத்தில் அவன் எழுந்து, முற்றத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே கேட்கலானான். நாம் அவனை அமரச் சொல்லவில்லை.